62-ம் 310-ம்: ஒரு ரப்பர் பால் ஆலையருகே அமோனியா அளவீடு பிழையான விதம்

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு வட்டத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஒரு கிராமத்தில், ரப்பர் பாலைச் செறிவாக்கும் ஆலை ஒன்று இயங்குகிறது. இரவில் கண் எரியும் அளவுக்கு நெடி வருவதாக ஆலைக்குத் தென்மேற்கே குடியிருப்பவர்கள் நெடுநாளாக முறையிட்டு வந்தார்கள். இரு தரப்பும் ஒரு மேசையின் முன் அமர்ந்தபோது, அந்த மேசை மேல் இரண்டு ஆய்வறிக்கைகள் இருந்தன. காற்றில் அமோனியா கன மீட்டருக்கு 62 மைக்ரோகிராம் என்றது ஆலைத் தரப்பின் தாள். கன மீட்டருக்கு 310 மைக்ரோகிராம் என்றது ஊர்த் தரப்பின் தாள். இரண்டும் ஒரே வாரத்தில் எடுக்கப்பட்ட மாதிரிகள். இரண்டிலும் பயன்பட்டது ஒரே வேதிமுறை. இருந்தும் இரண்டு எண்களுக்கும் இடையே ஐந்து மடங்கு வேறுபாடு இருந்தது.

இரண்டு தாள்களையும், அவற்றின் பின்னணியில் இருந்த களக் குறிப்பேடுகளையும் பார்த்துக் கருத்துச் சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள். ஊரின் பெயரையோ, ஆலையின் பெயரையோ, அளவெடுத்த குழுக்களின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. தவறு எந்த இடத்தில் நுழைந்தது என்பதே நமக்கு வேண்டியது. கணக்கைப் பின்தொடர எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுமைப்படுத்தியே தந்திருக்கிறேன்.

ஆலையும் காற்றும்

மரத்திலிருந்து வடியும் ரப்பர் பாலில் ரப்பரின் பங்கு ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான். அதைச் சென்ட்ரிஃப்யூஜ் எந்திரத்தில் சுழற்றி 60% ரப்பர் உள்ள செறிவுப்பாலாக மாற்றுகிறார்கள். பால் உறைந்துவிடாமல் இருக்கத் தொடக்கத்திலிருந்தே அமோனியா சேர்க்கப்படுகிறது. செறிவுப்பாலை நெடுநாள் வைத்திருக்க 0.6 முதல் 0.7% வரை அமோனியா இருக்கும். எந்திரத்தின் மறுபக்கம் வெளியேறும் நீர்த்த பாலை ஸ்கிம் பால் என்பார்கள். அதிலுள்ள ரப்பரை அமிலம் ஊற்றி உறைய வைக்கும் முன், காற்றைச் செலுத்தி அமோனியாவை வெளியேற்றுவது வழக்கம். அப்படி வெளியேறும் அமோனியா வேறெங்கும் போவதில்லை, ஊரின் காற்றில்தான் கலக்கிறது.

பால்வெட்டு விடியற்காலையில் நடக்கிறது. சிரட்டைகளிலிருந்து பாலைச் சேகரித்து லாரி ஆலைக்கு வந்து சேரப் பிற்பகல் ஆகிவிடும். ஆகவே எந்திரம் மாலையில் தொடங்கி நள்ளிரவு வரை ஓடுகிறது. ஸ்கிம் தொட்டியின் வேலை பெரும்பாலும் இரவில்தான். இதனோடு காற்றின் போக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பகலில் கடற்காற்று தென்மேற்கிலிருந்து மலையை நோக்கி ஏறுகிறது. இரவில் மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகள் குளிர்ந்து, கனத்த காற்று வடகிழக்கிலிருந்து பள்ளத்தாக்கு வழியே மெல்ல இறங்குகிறது. அது வேகமின்றி, மேலுள்ள காற்றோடு கலக்காமல், தரையை ஒட்டியே நகர்கிறது. எனவே ஆலைக்குத் தென்மேற்கே உள்ள வீடுகளில் பகல் முழுவதும் நெடி தெரியாமல் இருப்பதும், இரவு வந்ததும் மூச்சு முட்டுவதும் வியப்பல்ல. நான் முதன்முறை சென்றது ஒரு நண்பகலில். வேலியருகே நின்ற ஒரு பாட்டி, "சாரே, பகல்ல வந்தா உங்களுக்கு என்ன தெரியும்? ராத்திரி பதினோரு மணிக்கு மேல வந்து இங்கன நின்னு பாருங்க" என்றார். மாதிரி எடுக்க வேண்டிய நேரத்தையும் இடத்தையும் அந்த ஒரே வரியில் அவர் சரியாகச் சொல்லிவிட்டார் என்பது பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

முதல் தாள்

முறை எளியது. நீர்த்த கந்தக அமிலத்தை இம்பிஞ்சர் எனப்படும் கண்ணாடிக் குமிழ்க்குப்பியில் ஊற்றி, அதன் வழியே பம்ப் கொண்டு நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் காற்றை இழுக்க வேண்டும். அமோனியா அமிலத்தில் சிக்கிக்கொள்ளும். ஆய்வகத்தில் அக்கரைசலோடு ஃபீனாலும் ஹைப்போகுளோரைட்டும் நைட்ரோபுருசைடும் சேர்த்தால் இண்டோஃபீனால் என்னும் நீலநிறம் பிறக்கும். 630 நானோமீட்டரில் நிறத்தின் அடர்த்தியை அளந்தால் குப்பியில் எத்தனை மைக்ரோகிராம் அமோனியா சேர்ந்தது என்று தெரியும். அதைக் காற்றின் கன அளவால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். வகுத்தலில் மேலே ஒரு நிறை, கீழே ஒரு கன அளவு. இரண்டில் எது பிழையானாலும் விடை பிழையாகும்.

முதல் குழு காலை 10 மணி முதல் மாலை 6 மணி வரை, ஆலை வாயிலின் காவலறைக் கூரையில் கருவியை வைத்திருந்தது. மின்சாரமும் பாதுகாப்பும் கிடைத்ததால் அந்த இடத்தைத் தேர்ந்ததாகக் குறிப்பேடு நேர்மையாகச் சொல்கிறது. அவ்வாயில் தென்மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த நேரத்தில் காற்று வாயிலிலிருந்து ஆலையை நோக்கி வீசியது. அதாவது அந்த 8 மணி நேரமும் ஆலையின் காற்று கருவியை எட்டவே வாய்ப்புக் குறைவு. இதன் பின்னால் வரும் திருத்தங்கள் அனைத்தையும் சேர்த்தாலும் இந்த ஒரு தவறுக்கு ஈடாகாது. ஆய்வகத்தில் எவ்வளவு நுட்பமாக அளந்தாலும், வராத காற்றை அளக்க முடியாது.

ஆனாலும் 62 என்ற எண் எப்படி வந்தது என்று பிரித்துப் பார்த்தேன். காற்றோட்டத்தை அளக்கும் ரோட்டாமீட்டர் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 1.0 லிட்டர் காட்டியது, முடிவில் 0.8 லிட்டர். இரண்டும் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தன. கணக்கில் மட்டும் 1.0 என்றே எடுத்து 480 லிட்டர் என்று போட்டிருந்தார்கள். சராசரியாக 0.9 லிட்டர் என்று கொண்டால் 432 லிட்டர்தான் வரும். கீழே உள்ள எண் பெரிதாகிவிட்டதால் விடை 10% குறைந்துவிட்டது.

அடுத்தது குப்பியின் கரைசல். தொடக்கத்தில் 25 மில்லிலிட்டர் ஊற்றியிருக்கிறார்கள். முடிவில் 20 மில்லிலிட்டர் இருந்தது. 30 டிகிரி வெப்பத்தில், 60% ஈரப்பதத்தில், ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் இன்னும் ஏறத்தாழ 12 கிராம் நீராவியை ஏற்க இடம் வைத்திருக்கிறது. அரை கன மீட்டர் காற்று குமிழியிட்டுப் போனால் 5 மில்லிலிட்டர் வற்றுவது இயல்பே. வற்றியதைக் காய்ச்சி வடித்த நீரால் மீண்டும் 25 மில்லிலிட்டராக்கிய பிறகே ஒரு பகுதியை எடுத்து நிறம் பார்க்க வேண்டும். அப்படிச் செய்யாமல் 20 மில்லிலிட்டரிலிருந்து எடுத்து, கணக்கில் 25 என்று பெருக்கியிருந்தார்கள். இதனால் நிறை 25% கூடிவிட்டது. ஒரு தவறு விடையைக் குறைத்தது, மற்றொன்று கூட்டியது. முடிவை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டுமே தெரியாது.

வெப்பத்துக்கும் காற்றழுத்தத்துக்குமான திருத்தம் இங்கே சிறியது. 32 டிகிரியில் இழுத்த காற்றை 25 டிகிரிக்கு மாற்றினால் 2% சொச்சம்தான் மாறும். அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் அதில் மட்டும் கவனம் வைத்து மற்றவற்றை விட்டுவிடக் கூடாது.

குழாய்க்குள் பனித்துளி

காற்று நுழையும் புனலிலிருந்து குப்பி வரை இரண்டு மீட்டர் நீளத்துக்குப் பழுப்பேறிய ரப்பர் குழாய் ஒன்று போடப்பட்டிருந்தது. அந்தக் குழாயே எனக்கு ஐயத்தை உண்டாக்கியது. அமோனியா ஒட்டும் தன்மை மிக்க வாயு. ஈரம் எங்கே இருக்கிறதோ அங்கே கரைந்து தங்கிவிடும். அதே வகைக் குழாயை அதே முறையில் பொருத்தி, நானும் என் குழுவினரும் மீண்டும் 8 மணி நேரம் ஓட்டினோம். வழக்கப்படி குப்பிகளைப் பனிக்கட்டித் தட்டில் வைத்திருந்தோம். தொடங்கி அரை மணி நேரத்தில், தட்டின் விளிம்பில் சாய்ந்து கிடந்த குழாயின் உட்புறத்தில் முதலில் ஆவி படர்ந்தாற்போல் ஒரு மங்கல் தெரிந்தது. பிறகு அது கடுகளவு துளிகளாகத் திரண்டு, இரண்டு துளிகள் ஒன்று சேர்ந்து, குழாயின் வளைவில் ஒரு சிறு குட்டையாகத் தேங்கியது. காற்று அந்த நீரின் மேல் தடவிக்கொண்டு போய்த்தான் குப்பியை அடைந்தது. 30 டிகிரி வெப்பமும் 60% ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை, அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 21 டிகிரி. பனிக்கட்டியின் மேல் கிடக்கும் குழாயில் நீர் படியாமல் இருக்க வழியில்லை.

ஓட்டம் முடிந்ததும் குழாயை நீர்த்த அமிலத்தால் கழுவி, கழுவிய நீரைத் தனியே சோதித்தோம். அதில் 11 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. குப்பிக்குப் போக வேண்டியது வழியிலேயே நின்றுவிட்டிருந்தது. இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. வெயில் ஏறிக் குழாய் காயும்போது, தங்கியிருந்த அமோனியா மெல்ல வெளியேறி அடுத்த மாதிரியில் சேரும். நேற்றைய இரவின் காற்று இன்றைய பகலின் கணக்கில் வரும். ஆகவே பழைய குழாய் எப்போதும் அளவைக் குறைத்தே காட்டும் என்றும் சொல்வதற்கில்லை; காற்றில் அமோனியா ஏறும்போது குறைத்துக் காட்டும், இறங்கும்போது கூட்டிக் காட்டும். அமோனியா அமிலத்தில் உப்பாகிவிடுவதால் குப்பியைப் பனிக்கட்டியில் வைக்க வேண்டிய கட்டாயமே இல்லை. அதே தட்டில் வேறு வாயுக்களுக்கான குப்பிகளும் வைக்கப்படுவதால் வந்த பழக்கம் அது.

முதல் குழுவின் அன்றைய குழாயை இனிக் கழுவிப் பார்க்க முடியாது. ஆகவே அன்றைக்கும் 11 மைக்ரோகிராம்தான் தங்கியது என்று சாதிக்க மாட்டேன். அவ்வளவு தங்கியிருக்கக்கூடும் என்று மட்டும் கொண்டு கணக்கிட்டால் வருவது இது: அறிக்கையின்படி குப்பியில் இருந்தது 29.8 மைக்ரோகிராம். வற்றல் பிழையை நீக்கினால் 23.8. குழாயில் தங்கியதைச் சேர்த்தால் 34.8. காற்று இழுக்காத குப்பியிலேயே இருக்கும் அமோனியாவை வெற்றளவு என்பார்கள்; அவர்கள் ஆய்வக நீரை வைத்து மட்டுமே அதைக் கழித்திருந்தார்கள். களத்துக்குப் போய்வந்த குப்பியில் கூடுதலாக 3.8 இருப்பதை நாங்கள் கண்டோம். அதையும் கழித்தால் 31.0. இதை 432 லிட்டரால் வகுத்தால், கன மீட்டருக்கு 72 மைக்ரோகிராம்.

62 எங்கே, 72 எங்கே, பெரிய வேறுபாடு இல்லையே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நான்கு பிழைகள் அன்றைக்குத் தற்செயலாக ஒன்றையொன்று ஈடுசெய்தன என்பதே அதற்கு விடை. ஈரப்பதம் கூடிய ஒரு நாளில் வற்றல் குறைந்து, குழாயில் படிவு கூடியிருந்தால், பெரிய பிழைகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். அப்போதும் அறிக்கை இதே உறுதியோடு ஒரு எண்ணைச் சொல்லியிருக்கும்.

இரண்டாம் தாள்

இரண்டாம் குழு ஊர்க்காரர்களின் சொல்லைக் கேட்டு இரவு 11 மணிக்குப் போனது. அதற்காக அவர்களைப் பாராட்டவே வேண்டும். நெடி உச்சத்தில் இருந்த ஒரு மணி நேரம் மட்டும் 60 லிட்டர் காற்றை இழுத்தார்கள். குழாய் குட்டையானது, பனிக்கட்டி இல்லை, ஓட்டம் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே அளவு. இவ்வளவு சரியாகச் செய்தவர்களின் 310 ஏன் ஐயத்துக்குரியது என்று சொல்வது எனக்கு எளிதாக இருக்கவில்லை. ஊர்த் தரப்பின் மனம் புண்படும் என்று தெரியும். ஆனால் அவர்கள் பட்ட துன்பம் உண்மை என்பதாலேயே, அவர்கள் கையில் இருக்கும் எண் அசைக்க முடியாததாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

முதற்குறை இடம். கருவி வைத்த முற்றத்திலிருந்து நான்கு மீட்டரில் மாட்டுத்தொழுவம். மூத்திரமும் சாணமும் அமோனியாவின் பழைய ஊற்றுகள். இதைச் சோதிக்க ஓர் இரவில் இரண்டு கருவிகளை ஒரே நேரத்தில் ஓட்டினோம்: ஒன்று அதே முற்றத்தில், மற்றொன்று மாடு இல்லாத பக்கத்து வீட்டின் மாடியில். முற்றத்தில் 230, மாடியில் 170. அந்த ஓர் இரவின் வேறுபாடு 60. வேறோர் இரவின் எண்ணிலிருந்து இந்த 60-ஐக் கழித்துத் திருத்தம் செய்துவிடக் கூடாது. காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்பதைப் பொறுத்து அது மாறும். தொழுவத்தின் பங்கு ஒதுக்கக்கூடிய அளவில் இல்லை என்பதை மட்டும் அது காட்டுகிறது.

இரண்டாம் குறை, என் கருத்தில் இந்த நிகழ்வின் உயிர்நாடி. அவர்கள் கள வெற்று மாதிரி எடுக்கவில்லை.

வெற்று மாதிரி

வெற்று மாதிரி என்பது, மற்ற எல்லாவற்றுக்கும் உட்பட்டு, காற்று மட்டும் இழுக்கப்படாத குப்பி. அதே நாளில் அதே கரைசலை ஊற்றி, அதே பெட்டியில் வைத்து, அதே வண்டியில் ஏற்றி, களத்தில் அதே நேரத்துக்கு மூடியைத் திறந்து, பொருத்தி, கழற்றி, மூடி, திரும்பக் கொண்டுவந்து, மற்றக் குப்பிகளோடு சேர்த்தே சோதிக்க வேண்டும். அதில் காணும் நீலம், காற்றிலிருந்து வந்ததல்ல. அது குப்பியின் சுவரிலிருந்தோ, காய்ச்சி வடித்த நீரிலிருந்தோ, கையாண்டவரின் வியர்வையிலிருந்தோ, மூச்சிலிருந்தோ வந்தது. நீர்த்த அமிலம் திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் சுற்றியுள்ள அமோனியாவைக் குடித்துக்கொண்டே இருக்கும். அதற்காகத்தானே அதைத் தேர்ந்தோம்.

இரண்டாம் குழு பயன்படுத்திய அதே வகைக் குப்பிகளை, அதே போல் கழுவி, அவர்கள் போன வழியே ஒரு முறை கொண்டுபோய்த் திரும்பினோம். வெற்றுக் குப்பிகளில் சராசரியாக 5.4 மைக்ரோகிராம் இருந்தது. அறிக்கையின் 310 என்பது 60 லிட்டரில் 18.6 மைக்ரோகிராம், இதில் 5.4-ஐக் கழித்தால் 13.2, விடை 220. ஏறத்தாழ 30% அளவு காற்றிலிருந்து வந்ததே அல்ல.

இங்கேதான் அளவெடுப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. வெற்றளவு 5.4 மைக்ரோகிராம் என்பது குப்பிக்கு உரியது. எத்தனை லிட்டர் காற்று இழுத்தாலும் அது மாறாது. 480 லிட்டர் இழுத்தால் அது விடையில் கன மீட்டருக்கு 11 மைக்ரோகிராம் மட்டுமே கூட்டும். 60 லிட்டர் இழுத்தால் 90 கூட்டும். நெடி வரும் ஒரு மணி நேரத்தைத் தனியே பிடிக்க வேண்டும் என்று மாதிரியைக் குறுக்கக் குறுக்க, குப்பியின் அழுக்கு விடையை ஆளத் தொடங்குகிறது. மறுபக்கம், மாதிரியை நீட்ட நீட்ட, உச்சம் கரைந்துபோகிறது. ஒரு மணி நேரம் 1,200 மைக்ரோகிராம், மீதி 23 மணி நேரமும் 40 மைக்ரோகிராம் என்று ஓர் ஊர் மூச்சுவிட்டால், அதன் 24 மணி நேரச் சராசரி 88. அந்த 88-ஐப் பார்க்கிறவருக்கு அந்த ஒரு மணி நேரம் கண்ணில் படாது. ஆகவே குறுகிய மாதிரிதான் வேண்டும் என்று ஊர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதைக் கேட்கும்போதே வெற்று மாதிரியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

வெற்றளவை நேரடியாக அளக்காமலே பிடிக்க ஒரு வழி உண்டு. களத்தில் அதை நாங்கள் செய்தோம். மாடியில் இரண்டு பம்புகளை அருகருகே வைத்து, ஒன்றை நிமிடத்துக்கு 1 லிட்டர், மற்றதை அரை லிட்டர் வீதம், ஒரே ஒரு மணி நேரம் ஓட்டினோம். குப்பிகள் வேண்டுமென்றே பழைய முறையில் கழுவியவை. 60 லிட்டர் குப்பியில் 18.0 மைக்ரோகிராம், 30 லிட்டர் குப்பியில் 12.0 மைக்ரோகிராம். எளிய வகுத்தலில் முதலாவது 300 என்கிறது, இரண்டாவது 400 என்கிறது. ஒரே காற்று, ஒரே நேரம், ஒரே இடம், இரண்டு விடைகள். இப்போது ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள்: கூடுதலாக இழுத்த 30 லிட்டர் காற்று கொண்டுவந்தது 6.0 மைக்ரோகிராம் மட்டுமே. ஆகவே காற்றின் உண்மை அளவு கன மீட்டருக்கு 200. இரண்டு குப்பிகளிலும் பொதுவாக ஒட்டியிருந்த 6.0 மைக்ரோகிராம், தனியே அளந்த வெற்றளவான 5.4-க்கு அருகிலேயே வந்து நின்றது. அந்த இரண்டு எண்களும் ஒன்றையொன்று உறுதி செய்தபோது எங்கள் குழுவில் இருந்த அனைவருக்கும் மனநிறைவு உண்டானது. ஒவ்வொரு குப்பியின் அளவிலும் 0.3 மைக்ரோகிராம் ஐயம் இருந்தால், இந்த 200-இல் ஏறத்தாழ 14 ஐயம் இருக்கும். அதையும் எண்ணின் பக்கத்திலேயே எழுதினோம்.

ஆய்வகத்தின் பங்கு

ஆய்வகத்தில் இரண்டு விஷயங்களை மட்டும் திருத்தச் சொன்னேன். ஹைப்போகுளோரைட் கரைசல் நாள்படப் பலமிழக்கும். அதன் வலுவைத் தரம்பார்க்காமல் பயன்படுத்தினால் நீலம் வெளிறும், அளவு குறையும். நிறத்தை ஒப்பிடப் பயன்படும் அளவுத்தரக் கரைசல்களை வெறும் நீரில் தயாரித்திருந்தார்கள். மாதிரியோ அமிலத்தில் இருக்கிறது. நிறம் உருவாவது கரைசலின் காரத்தன்மையைப் பொறுத்தது என்பதால், தரக் கரைசல்களும் அதே அமிலத்தில் இருக்க வேண்டும். மற்றபடி அவர்களின் வேலை நேர்த்தியானது.

மறு அளவீடு

புதிய குப்பிகளை அமிலத்தில் ஊற வைத்துக் கழுவி, புதிதாக வடித்த நீரால் அலசினோம். வெற்றளவு 5.4-லிருந்து 1.5 மைக்ரோகிராமாக இறங்கியது. ரப்பர் குழாயை நீக்கி, அரை மீட்டருக்கும் குறைவான டெஃப்லான் குழாயைப் பொருத்தினோம். குப்பிகள் இரண்டைத் தொடராக வைத்தோம். இரண்டாவதில் ஏதும் குறிப்பிடும்படி சேரவில்லை, அதாவது முதற்குப்பி தப்பவிடவில்லை. நுழைவாயை விரலால் அடைத்து ரோட்டாமீட்டரின் மிதவை சுழியத்துக்கு இறங்குகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தோம். ஒரு முறை அது இறங்கவில்லை. குப்பிக்கும் ரோட்டாமீட்டருக்கும் இடையிலான இணைப்பில் மயிரிழை விரிசல் இருந்தது. அப்படிப்பட்ட கசிவில் ரோட்டாமீட்டர் முழு ஓட்டத்தையும் காட்டும், ஆனால் அதில் ஒரு பகுதி குப்பியைக் காணாமலே வந்த காற்று. அந்த மாதிரியைக் கைவிட்டோம்.

ஒப்பீட்டுக்கான இடத்தைத் தேர்வதிலும் ஒரு தடுமாற்றம் வந்தது. ஆலையில்லாத தோவாளைப் பக்கம் வைக்கலாம் என்று முதலில் நினைத்தோம். அங்கே பூந்தோட்டங்களுக்கு உரமும் சாணமும் இடுகிறார்கள். அமோனியாவுக்கு அது வெறுமையான இடமல்ல. பம்ப் இல்லாமல் வாயு தானாகப் பரவிச் சேரும் சிறு வில்லைகளை அங்கே தொங்கவிடுவதிலும் இடர் உண்டு: ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அடிக்கும்போது வில்லையின் வாயில் காற்று சுழன்று, வாயு கடக்க வேண்டிய தூரம் குறைந்து, அளவு கூடிவிடும். கடைசியில் அதே ஊரின் வடகிழக்கே, இரவில் காற்று ஆலையை நோக்கி வரும் பக்கத்தில், ஒரு தோட்ட வீட்டைத் தேர்ந்தோம்.

24 மணி நேரத்தை நான்கு நான்கு மணி நேரமாகப் பிரித்து எடுத்த மாதிரிகள், வெற்றளவு கழித்த பிறகு, தென்மேற்கு மாடியில் இப்படி இருந்தன: காலை 6 முதல் 10 வரை 52, பிற்பகல் 2 வரை 38, மாலை 6 வரை 44, இரவு 10 வரை 96, நள்ளிரவு கடந்து 2 வரை 168, விடியல் 6 வரை 88. சராசரி 81. தேசியக் காற்றுத் தர அளவுகோல்கள் 2009 நவம்பரில் அறிவிக்கப்பட்டவை; அவற்றில் அமோனியாவுக்கு 24 மணி நேர வரம்பு 400, ஆண்டு வரம்பு 100. ஒரு நாளின் 81-ஐ ஆண்டு வரம்போடு ஒப்பிடக் கூடாது. அதற்கு வாரம் இரு முறை வீதம் ஆண்டுக்கு 104 நாட்களாவது அளந்த சராசரி வேண்டும். 24 மணி நேர வரம்பை அந்த நாள் மீறவில்லை என்பது மட்டும் சொல்லத்தக்கது. 310 என்ற ஒரு மணி நேர எண்ணையோ, 62 என்ற பகல் எண்ணையோ 400-இன் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கவே கூடாது.

மூக்கு சொன்னது

அப்படியானால் நெடி பொய்யா என்று அந்தப் பாட்டி கேட்டார். இல்லை. நான் இரவு 11 மணிக்கு மேல் அவர் சொன்ன இடத்திலேயே நின்றிருந்தேன். அமோனியாவின் காரத்துக்கு அடியில், அழுகிய பாலும் வியர்த்த துணியும் கலந்தாற்போன்ற கனத்த நாற்றம் இருந்தது. ஜப்பானில் முக்கோணப் பை முறையில் (மூன்று பைகளில் நாற்றமுள்ள ஒன்றை முகர்ந்து கண்டுபிடிக்கும் முறை) கண்டறிந்த பட்டியலின்படி, மூக்கு அமோனியாவை உணரத் தொடங்குவது 1.5 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1.5 பங்கு), அதாவது கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 மைக்ரோகிராம். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கோ 0.00041 பிபிஎம் போதும். 3,600 மடங்குக்கு மேல் குறைவு. ரப்பர்க் கழிவும் ஒட்டுப்பாலும் அழுகும்போது பிறக்கும் பியூட்டிரிக், ஐசோவலேரிக் என்னும் கொழுப்பமிலங்களை மூக்கு அதைவிடவும் நுட்பமாகப் பிடிக்கும். உணரும் அளவு முறைக்கு முறை பெரிதும் மாறினாலும், இவற்றைவிட அமோனியாவை மூக்கு மந்தமாகவே பிடிக்கும் என்பது மாறாது. இரண்டு தாள்களும் அளந்தது ஒரு பொருளை. ஊரைத் தூங்கவிடாமல் செய்தது பெரும்பாலும் வேறு பொருள்கள். எதை அளப்பது என்ற முடிவிலேயே ஒரு பிழை இருந்தது, அதில் இரு தரப்புக்கும் பங்கு உண்டு.

திருத்திய அறிக்கையில் 62-ஐயும் 310-ஐயும் அடிக்கவில்லை. ஒவ்வொன்றின் அருகிலும் நேரம், காற்றின் திசை, இழுத்த லிட்டர், வெற்றளவு, திருத்திய மதிப்பு ஆகியவற்றை எழுதினோம். அடுத்த அளவீடு கொழுப்பமிலங்களுக்கும் சல்ஃபைடுகளுக்கும், இரவு 10 மணி முதல் 2 மணி வரை. இதற்கு இந்தக் கந்தக அமிலக் குமிழ்க்குப்பி உதவாது. டெனாக்ஸ் என்னும் உறிஞ்சுபொருள் நிரப்பிய குழாய்களில் அமிலங்களைப் பிடிக்க வேண்டும். ஓசோன் பட்டால் டெனாக்ஸே சிதைந்து பென்சால்டிஹைடைத் தரும், ஐசோவலேரிக் அமிலமோ நம் வியர்வையிலும் இருக்கிறது. ஆகவே குழாய்களைக் கையுறை அணிந்தே தொட வேண்டும் என்றும், நான்கு குழாய்களுக்கு ஒன்றாவது வெற்றுக் குழாயாகப் போய்வர வேண்டும் என்றும், ஒவ்வோர் இரவும் இரண்டு வெவ்வேறு கன அளவுகளில் எடுக்க வேண்டும் என்றும் இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கின்றன. கருவி நிற்கப்போவது பாட்டி காட்டிய வேலியோரத்தில்.